'வேண்டிய', 'கூடிய': ஆங்கிலத்தில் எதைப் போடுவது?

என்னிடம் மாலை நேரத்தில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி போன வருடம் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாவது வாரம், நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு அவள் அனுப்பிய மெயிலில் இப்படி ஒரு வரி: 'த டாக்குமென்ட்ஸ் விச் கேன் பி சப்மிட்டட் ஆர் லிஸ்டட் பிலோ.' கீழே ஆறு சான்றிதழ்களின் பெயர்கள். வந்தவர்களில் பலர் இரண்டு, மூன்று சான்றிதழோடு வந்து நின்றார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. 'கேன்' என்று இருந்தால் 'இதில் எதைக் கொடுத்தாலும் சரி' என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். மேலாளர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் முகம் வாடிப்போய் வந்தாள். "சார், இலக்கணம் சரியாத்தானே இருக்கு? சமர்ப்பிக்கக்கூடிய ஆவணங்கள்னு நினைச்சுத்தான் எழுதினேன்."

இலக்கணம் சரிதான். 'விச்' சரி, 'பி சப்மிட்டட்' சரி. தடுக்கி விழுந்த இடம் ஆங்கிலத்தில் இல்லை, அவள் மனதில் ஓடிய தமிழ்ச் சொல்லில் இருந்தது. அந்த 'கூடிய'வில்.

தமிழில் 'செய்யலாம்', 'செய்ய வேண்டும்', 'செய்ய முடியும்' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் நிற்பவை. அவற்றை ஒரு பெயருக்கு முன்னால் கொண்டுவர வேண்டுமென்றால் பெயரெச்சமாக்குகிறோம். 'வேண்டும்' என்பது 'வேண்டிய' ஆகிவிடும். 'முடியும்' என்பது 'முடிந்த', 'முடியாத' என்று வரும். 'லாம்' மட்டும் மசியாது. 'செய்யலாம்' என்பதற்கு அன்றாடத் தமிழில் பெயரெச்சம் கிடையாது. அதனால் அந்த இடத்துக்கும் 'கூடிய'வையே கூப்பிடுகிறோம். 'உள்ளே விடக்கூடிய வண்டிகள்' என்றால் அனுமதி. 'நாலு மொழி பேசக்கூடிய பெண்' என்றால் திறமை. 'மழை பெய்யக்கூடிய மாவட்டங்கள்' என்றால் வாய்ப்பு. மூன்றுக்கும் ஒரே சொல். அதையே எதிர்மறையாக்கிப் பாருங்கள்: 'பேசக்கூடாத பேச்சு'. திறமையும் வாய்ப்பும் காணாமல் போய், தடை மட்டும் மிஞ்சுகிறது.

ஆங்கிலத்தில் இந்த வேலைகளை ஒன்பது துணைவினைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன: கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட். இவற்றுக்கு மோடல் வெர்ப் என்று பெயர். 'ஹூ', 'விச்', 'தட்' போட்டு ஒரு பெயரோடு சேர்க்கும் துணை வாக்கியத்துக்கு ரிலேட்டிவ் க்ளாஸ் என்று பெயர். தமிழ் மனதுக்குள் 'வேண்டிய', 'கூடிய' என்று வருவதை எல்லாம் ரிலேட்டிவ் க்ளாஸுக்குள் ஒரு மோடலை வைத்து எழுதிவிடலாம் என்றுதான் நாம் பெரும்பாலும் பழகியிருக்கிறோம். வேறு வழிகளும் இருக்கின்றன. எப்போது எந்த வழி என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் ஒரு வடிகட்டல். இப்போதெல்லாம் தொலைக்காட்சியைப் போட்டாலே 'சென்னையில் இருக்கக்கூடிய மருத்துவமனை', 'நடைபெறக்கூடிய கூட்டம்', 'வந்திருக்கக்கூடிய தலைவர்கள்' என்று கேட்கிறது. இந்தக் 'கூடிய'வுக்குப் பொருளே இல்லை. பேச்சை நீட்ட உதவுகிறது, அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு நம் எழுத்திலும் வந்துவிட்டது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது 'த ஹாஸ்பிடல் விச் கேன் பி இன் சென்னை' என்று ஆகிறது. படிப்பவர் அந்த மருத்துவமனை சென்னையில் இருக்கிறதா இல்லையா என்று குழம்புவார். ஆகவே முதலில் 'கூடிய'வை எடுத்துவிட்டு 'இருக்கிற', 'நடக்கிற' என்று சொல்லிப் பாருங்கள். பொருள் மாறவில்லையா? அங்கே மோடலே வேண்டாம். 'த ஹாஸ்பிடல் இன் சென்னை' என்றால் முடிந்தது.

சரி, பொருள் உள்ள இடத்துக்கு வருவோம். 'நிரப்ப வேண்டிய படிவம்' என்று வைத்துக்கொள்வோம். முழுசாக எழுதினால் 'எ ஃபார்ம் தட் யூ மஸ்ட் ஃபில் இன்'. சுருக்கினால் 'எ ஃபார்ம் டு ஃபில் இன்'. உடைத்து இரண்டு வாக்கியமாக்கினால் 'ஹியர் இஸ் எ ஃபார்ம். யூ மஸ்ட் ஃபில் இட் இன்'. 'பேயபிள்', 'ரீஃபண்டபிள்' போல 'ஏபிள்' என்று முடியும் ஒற்றைச் சொல்லில் அடக்குவது நாலாவது வழி. படிவத்துக்கு அது ஒத்துவராது, பணத்துக்கு ஒத்துவரும்.

முழு வடிவத்தைச் சுருக்க நினைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'பீப்பிள் ஹூ லிவ் ஹியர்' என்பதை 'பீப்பிள் லிவிங் ஹியர்' என்று சுருக்கலாம். 'பீப்பிள் ஹூ கேன் ஸ்விம்' என்பதை அப்படிச் சுருக்க முடியாது. 'கேனிங்', 'மஸ்டிங்' என்று ஆங்கிலத்தில் வடிவமே இல்லை. சுருக்கியே ஆகவேண்டுமென்றால் மோடலை எடுத்துவிட்டு 'பீப்பிள் ஏபிள் டு ஸ்விம்' என்று போக வேண்டும். நம் 'லாம்' பெயரெச்சமாக மறுத்து 'கூடிய'விடம் அனுப்புகிறதே, கிட்டத்தட்ட அதே கதை. இரண்டு மோடலை அடுத்தடுத்து வைக்கவும் முடியாது. 'ஹூ வில் கேன் ஜாயின்' என்று விண்ணப்பங்களில் பார்க்கிறேன். அது 'ஹூ வில் பி ஏபிள் டு ஜாயின்' என்றுதான் வரவேண்டும்.

இனி 'டு' வழி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம்மவர்கள் மிகவும் குறைவாகப் பயன்படுத்துவதும் இதுதான். 'செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு' என்பதை 'ஐ ஹாவ் மெனி வொர்க்ஸ் விச் ஐ ஹாவ் டு டூ' என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! 'ஐ ஹாவ் எ லாட் டு டூ' போதும். நாமும் வீட்டில் இப்படித்தான் பேசுகிறோம். பேருந்தில் போகும்போது 'படிக்க ஒரு புத்தகம் கொடு' என்று கேட்போமே தவிர, 'படிக்கக்கூடிய புத்தகம் ஒன்றைக் கொடு' என்று யாராவது கேட்போமா? அந்தப் 'படிக்க'தான் ஆங்கிலத்தின் 'எ புக் டு ரீட்'. படிக்க வேண்டுமா, படிக்கலாமா, படிக்க முடியுமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. எழாத கேள்விக்கு மோடலால் பதில் சொல்லத் தேவையில்லை.

ஆனால் 'டு' சில விஷயங்களை மறைத்துவிடும். யார் செய்ய வேண்டும் என்பது அதில் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் 'எ ஃபார்ம் ஃபார் யுவர் ஃபாதர் டு சைன்' என்று 'ஃபார்' போட்டுச் சொல்லலாம். அப்புறம், எல்லா 'டு'வும் 'வேண்டிய' ஆகாது. 1969இல் நிலவில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங்கை 'த ஃபர்ஸ்ட் மேன் டு வாக் ஆன் த மூன்' என்பார்கள். அது 'நடந்த முதல் மனிதர்', 'நடக்க வேண்டிய முதல் மனிதர்' இல்லை. 'ஃபர்ஸ்ட்', 'லாஸ்ட்', 'ஒன்லி' போன்ற சொற்களுக்குப் பின்னால் வரும் 'டு' பெரும்பாலும் நடந்ததைச் சொல்லும்.

'டு', 'வித்' போன்ற முன்னிடைச் சொல் (ப்ரெபொசிஷன்) கடைசியில் தொங்குகிற இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'பேச ஒரு ஆள்' என்பது 'எ பர்சன் டு டாக் டு'. கடைசி 'டு'வை விட்டுவிட்டால் 'பேசுவதற்காக ஒரு ஆள்' என்று அவரே பேசப்போகிறவர் ஆகிவிடுவார். கொஞ்சம் விறைப்பாக எழுதினால் 'எ பர்சன் டு ஹூம் டு ரைட்' என்று எழுதலாம். 'எ பர்சன் ஹூம் டு ரைட் டு' மட்டும் கூடாது. இதில் தடுமாற்றம் வந்தால் 'எ பர்சன் யூ கேன் ரைட் டு' என்று முழு வடிவத்துக்குத் திரும்பிவிடுங்கள். அங்கே 'ஹூம்' கூட வேண்டாம், விட்டுவிடலாம்.

'ஏபிள்' வழியைப் பார்க்கும்போது முன்னெச்சரிக்கை ஒன்று. அந்த ஒட்டு 'முடியும்' என்றுதான் சொல்லும் என்று நினைத்துக்கொள்கிறோம். 'ரீஃபண்டபிள் டெபாசிட்' திரும்பக் கிடைக்கக்கூடிய பணம், சரி. ஆனால் ரசீதில் வரும் 'அமவுன்ட் பேயபிள்' கட்ட முடிகிற தொகை இல்லை, கட்ட வேண்டிய தொகை. ஒட்டு ஒன்றுதான், ஒன்றில் 'கேன்' ஒளிந்திருக்கிறது, இன்னொன்றில் 'மஸ்ட்'. அந்தந்தத் துறையில் வழங்கிவரும் சொல்லாக இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். நாமாக ஒன்றைச் செய்துகொள்ள வேண்டாம்.

இந்த ஒட்டினால் தமிழில் நடக்கும் ஒரு பிழை என்னை ரொம்பக் காலமாக உறுத்துகிறது. கைதுச் செய்திகளில் 'ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவில் வழக்கு' என்று எழுதுகிறார்கள். மூலச்சொல் 'நான்-பெயிலபிள்'. பெயிலபிள் குற்றம் என்றால் ஜாமீன் கைதானவரின் உரிமை. நான்-பெயிலபிள் என்றால் அது உரிமை இல்லை, நீதிமன்றம் தன் விருப்புரிமைப்படி முடிவு செய்யும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இப்படித்தான். அதாவது உள்ளே இருக்கிற மோடல் 'கேனாட்' இல்லை, 'த கோர்ட் மே'. 'முடியாத' என்று படித்துவிட்டு ஜாமீன் மனுவே போடாமல் ஒரு குடும்பம் மனம் உடைந்து உட்கார்ந்தால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! 'ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத பிரிவு' என்று எழுத ஒரு சொல் கூடுதலாகும். ஆகட்டும்.

கட்டாயம் எவ்வளவு என்பது முக்கியமான இடத்தில்தான் முழு ரிலேட்டிவ் க்ளாஸ் தன் கூலிக்கு வேலை செய்கிறது. 'டாக்குமென்ட்ஸ் டு பி சப்மிட்டட்' என்றால் கொடுக்க வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் எவ்வளவு கறாராக, யார் என்பதெல்லாம் தெரியவில்லை. 'டாக்குமென்ட்ஸ் தட் கேண்டிடேட்ஸ் மஸ்ட் சப்மிட்' என்றால் இரண்டும் தெரிகிறது. 'மஸ்ட்' போட்டால் விலக்கே இல்லை. 'ஷுட்' போட்டால் கொடுப்பது நல்லது, தக்க காரணம் இருந்தால் விடலாம். 'மே' போட்டால் விருப்பம். நம் 'வேண்டிய' முதல் இரண்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறது.

இந்த வேறுபாட்டை எழுதி வைத்தே வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இணையத்தின் தொழில்நுட்ப நெறிகளை எழுதுகிறவர்கள் 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தை வெளியிட்டார்கள். 'மஸ்ட்' என்றால் முழுக் கட்டாயம், 'ஷுட்' என்றால் விளைவுகளை எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலகலாம், 'மே' என்றால் உண்மையிலேயே விருப்பம் என்று அதில் வரையறுத்தார்கள். 2017இல் வந்த ஆர்எஃப்சி 8174 இந்தப் பொருள் பெரிய எழுத்தில் எழுதினால் மட்டும்தான் என்று தெளிவாக்கியது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் ஆவணங்களில் கட்டாயத்துக்கு 'ஷல்', பரிந்துரைக்கு 'ஷுட்', அனுமதிக்கு 'மே', இயலும் தன்மைக்குக் 'கேன்'. 'மே'யும் 'கேன்'னும் அங்கே வெவ்வேறு.

ஒரே வாக்கியத்தில் இந்த வேறுபாடு எவ்வளவு செய்யும் என்பதற்கு நம் அரசியலமைப்பின் 21ஏ பிரிவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆறு முதல் பதினான்கு வயது வரையான எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை 'த ஸ்டேட் ஷல் ப்ரொவைட்' என்று அது தொடங்குகிறது. எப்படி? 'இன் சச் மேனர் ஆஸ் த ஸ்டேட் மே, பை லா, டிடர்மின்'. தலைமை வாக்கியத்தில் 'ஷல்': கல்வி தருவது அரசின் கடமை. 'சச்... ஆஸ்' போட்டுச் சேர்த்த துணை வாக்கியத்தில் 'மே': எந்த முறையில் என்பதை அரசு சட்டத்தின் மூலம் தீர்மானித்துக்கொள்ளலாம். 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிரிவு இது. 'மே' தலைமை வாக்கியத்துக்கு இடம் மாறியிருந்தால் குழந்தைகளுக்கு உரிமை என்று ஒன்றும் இருந்திருக்காது. மாணவர்களுக்கு இந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதிப் போட்டு ஒரு மணி நேரம் பேசுவேன். அலுத்ததே இல்லை.

அதைப் பார்த்துவிட்டு மெயிலில் 'ஷல்' எழுதத் தொடங்காதீர்கள். சட்டத்திலேயே அதைக் குறைத்துவருகிறார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் எளிய நடையில் திருத்தி எழுதியபோது 'ஷல்'லை எடுத்துவிட்டார்கள். அலுவலகத்துக்கு 'மஸ்ட்' போதும். காதுக்குக் கடுமையாகப் பட்டால் 'ஹாவ் டு', 'நீட் டு'. 'த ஃபார்ம்ஸ் யூ நீட் டு சைன்' என்றால் கட்டாயமும் இருக்கிறது, மிரட்டலும் இல்லை.

எதிர்மறை வந்தால் என் யோசனை: உடைத்து எழுதுங்கள். 'ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வர வேண்டாம்' என்றால் வந்தாலும் பரவாயில்லை, அவசியம் இல்லை என்று பொருள். 'நாளையிலிருந்து நீ வர வேண்டாம்' என்றால் வேலை போய்விட்டது. நமக்குக் குரலும் சூழலும் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் 'ஹூ நீட் நாட் கம்' வேறு, 'ஹூ மஸ்ட் நாட் கம்' வேறு. 'ஹூ மே நாட் கம்' என்று எழுதினால் வர அனுமதி இல்லாதவர்களா, வராமல் போகக்கூடியவர்களா என்று இரண்டு பொருள். ஒரு துணை வாக்கியத்துக்குள் இவ்வளவு ஆபத்தை ஏன் வைக்க வேண்டும்? 'சம் ஆஃப் யூ ஹாவ் ஆல்ரெடி பெய்ட். யூ டோன்ட் நீட் டு கம்.' தெளிவாகப் போய்விடும்.

'வில்' பற்றி ஒரு வார்த்தை. 'தாமதமாக வரும் மாணவர்களை உள்ளே விட மாட்டோம்' என்பதில் 'வரும்' எதிர்காலப் பெயரெச்சம். அதனால் கை தானாக 'ஸ்டூடன்ட்ஸ் ஹூ வில் கம் லேட்' என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் தலைமை வாக்கியமே எதிர்காலத்தைச் சொல்லிவிட்டால், இப்படிப்பட்ட துணை வாக்கியத்தில் நிகழ்காலமே வழக்கம்: 'ஸ்டூடன்ட்ஸ் ஹூ கம் லேட் வில் நாட் பி அலவ்ட் இன்'. துணை வாக்கியத்துக்கென்று தனியாக ஒரு எதிர்காலச் செய்தி இருந்தால் மட்டும் 'வில்' நிற்கும்: 'த மினிஸ்டர், ஹூ வில் ஓபன் த பிரிட்ஜ் டுமாரோ, இஸ் இன் மதுரை டுடே'.

'வுட்' இதைவிட அழகான சொல். 1931இல் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2002இல் குடியரசுத் தலைவரானார். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்ல வேண்டும் என்றால் 'எ பாய் ஹூ வுட் பிகம் ப்ரெசிடென்ட்' என்று எழுதலாம். தமிழில் 'குடியரசுத் தலைவர் ஆகப்போகிற சிறுவன்' என்போமே, அது. 'ஹூ லேட்டர் பிகேம்' என்பது பாதுகாப்பான வழி, தகவல் மட்டும் சொல்லும். 'ஹூ வாஸ் டு பிகம்' என்றால் விதி எழுதியது போல ஒரு தொனி. 'ஹூ குட் பிகம்' மட்டும் வேண்டாம், ஆகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம் என்று பொருள் வந்துவிடும். கட்டுரைப் போட்டிக்கு எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் 'வுட்'டைத்தான் சொல்லித்தருவேன், கட்டுரைக்கு ஒரு தடவை.

கமாவையும் விட்டுவிட முடியாது. 'த ட்ரைவர்ஸ் ஹூ மஸ்ட் ரினியூ தேர் லைசென்ஸ் ஆர் லிஸ்டட் பிலோ' என்றால் புதுப்பிக்க வேண்டியவர்களின் பெயர்கள் மட்டும் கீழே. 'ஹூ'வுக்கு முன்னாலும் 'லைசென்ஸ்'க்குப் பின்னாலும் ஒரு கமா போட்டால், எல்லா ஓட்டுநர்களும் புதுப்பிக்க வேண்டும் என்று ஆகிவிடும். பேச்சில் சின்ன இடைவெளி, தாளில் இரண்டு புள்ளி அளவு மை.

அந்தப் பெண்ணின் மெயிலுக்கு வருகிறேன். அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து அதைத் திருத்தத் தொடங்கியபோது முதல் வரியிலேயே நின்றுவிட்டோம். ஆறு சான்றிதழில் எது எது 'மஸ்ட்' என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் மேலாளரிடம் கேட்டாள். அவரும் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முந்தைய வேலையின் அனுபவச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மற்ற ஐந்தும் கட்டாயம் வேண்டும் என்றாராம். அடுத்த முறை அவள் அனுப்பியது: 'யூ மஸ்ட் பிரிங் த ஃபைவ் டாக்குமென்ட்ஸ் லிஸ்டட் பிலோ. யூ மே ஆல்சோ பிரிங் எனி எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தட் யூ திங்க் வி ஷுட் சீ.' கடைசியில் இருக்கும் அந்த 'ஷுட்' அவளே யோசித்துப் போட்டது. நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.